பெரிய ட்ரம்முக்குப் போன ஸகாத்து

பள்ளிக்கூடத்துப் பாண்ட் வாத்தியக் குழுவுக்குப் பெற்றோர் நாங்கள் காசு சேர்த்தபோது, பொருளாளர் வேலை என் தலையில் விழுந்தது. பில் இல்லாமல் ஒரு ரூபாயும் தரமாட்டேன். கணக்கில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று எனக்கே ஒரு நினைப்பு.

நோன்பு மாதத்தில் துணிக்கடை ஹாஜியார் இரண்டு கவர்கள் தந்தார். "ஒண்டு பாண்டுக்கு. மற்றது ஸகாத்து. உங்கட கமிட்டியில இருக்கிற, புருஷன் மௌத்தான புள்ளைக்கிட்டக் குடுத்துடுங்க" என்றார். நோன்பு திறக்க நேரமாகிவிட்டது. தலையாட்டிவிட்டு, இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அந்த வார இறுதியில், என் கைப்பையில் இருந்தவற்றோடு வந்த கவர்களையெல்லாம் மேசையில் கொட்டி, பிரித்து எண்ணினோம். ஹாஜியார் சொன்ன அந்த விதவைப் பெண்ணும் என் பக்கத்திலிருந்து எண்ணினாள். பெருநாள் முடிந்த கையோடு பெரிய ட்ரம் வாங்கினோம்.

மூன்று மாதம் கழித்துத் துணி எடுக்கப் போனேன். "அந்த முப்பதாயிரம் ஸகாத்தைக் குடுத்தீங்க தானே?" என்று ஹாஜியார் கேட்டார். அப்போதுதான் அந்த இரண்டாவது கவர் நினைவுக்கு வந்தது. ஏழைக்குப் போகவேண்டிய கடமைக் காசில் ட்ரம் வாங்கியிருக்கிறேன்! என் வாயோ, "ஓம் ஹாஜியார்" என்று கூசாமல் பொய் சொன்னது.

அன்றைக்கே சங்கிலியை அடகு வைத்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. நேரே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்க்கிறவள் அவள். அடுப்படியில் நின்றவளின் கையில் காசை வைத்து, ஹாஜியார் தந்த ஸகாத்து என்றேன்.

"தெரியும் ராத்தா. அவர் நோன்புக்குள்ளயே ஃபோன் எடுத்துச் சொன்னவர்."

"பின்ன ஏன் புள்ள என்னக்கிட்டக் கேக்கல்ல?"

"எப்பிடிக் கேக்கிற? வீட்டுல என்னமோ நெருக்கடி, எடுத்துட்டீங்க எண்டு நினைச்சன். ராத்தா வெக்கப்படக் கூடாதெண்டு வாய் திறக்கல்ல."

மூன்று மாதம்! கூட்டத்துக்குக் கூட்டம் என் பக்கத்தில் இருந்தாள். மாதச் சந்தாவை ஒரு தடவையும் பிந்தாமல் என்னிடமே கட்டினாள். அடுத்த வருஷத்துக்கும் நானே பொருளாளர் என்று முதலில் கை தூக்கியவளும் அவள்தான். அத்தனை நாளும் அவள் மனதில் நான் கள்ளி.

"அல்லாஹ்மேல ஆணை, நான் எடுக்கல்ல. கவர் மாறி, அது ட்ரம்முக்குப் போயிட்டு" என்றேன்.

"ஓம் ராத்தா, ஓம்" என்று அவசரமாகச் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.