சத்தமில்லாத படிப்பு

எங்கள் தெருவில் இப்போது கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேர் ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறார்கள். எதிர்வீட்டுப் பையன் பௌதிகம் படிக்கிறான். புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு போடுவது அவன் வழக்கம். ஒரு பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். முப்பத்திரண்டு வரிகள், அதில் கோடு இல்லாதவை நான்கே நான்கு. "இந்த நாலும் என்னடே பாவம் செய்துது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைவிட மோசமாகப் படித்தவன் நான். அதிலிருந்து வெளியே வந்த விதத்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால், காலையிலிருந்து மூன்று பேர் வந்து கதவைத் தட்டிவிட்டார்கள். நாலாவது ஆள் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் முடிகிற சமயம். ஊர் பூதப்பாண்டி. நாகர்கோவிலில் இன்டர்மீடியட் சேர்ந்திருந்தேன். கணக்கு, பௌதிகம், ரசாயனம். அப்பா இல்லை. நானும் அம்மாவும் மாமா வீட்டில் இருந்தோம். மருமக்கள் வழி அப்போது எங்கள் பக்கத்து வீடுகளை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. சட்டம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. மாமாவுக்கு அடுத்தபடி வயலுக்கு உரியவன் உடன்பிறந்தாள் மகனான மருமகன்தான். அதனால் மருமகன் படிப்பதா, வரப்பில் நிற்பதா என்று முடிவு செய்வதும் மாமாதான்.

மாமா கெட்டவர் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதி, கூட்டமாகக் கத்திப் படித்தவர். படிப்பு என்றால் அவருக்கு அது காதில் விழ வேண்டும். விடிந்ததும் நான் பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், விளக்குமாடத்துக்குக் கீழே உட்கார்ந்து கத்த ஆரம்பிப்பேன். அவர் தொழுவில் மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டே கேட்பார். ஒரு நிமிஷம் சத்தம் நின்றால் வைக்கோல் உதறுகிற சத்தமும் நின்றுவிடும். "என்னடே, உறங்கிப் போனியா?" என்று குரல் வரும். பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட அம்மாவிடம், "பிள்ளை தொண்டை கட்டுத மட்டும் படிக்கான், பாவம்" என்பார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை.

நான் கத்தியதோடு நிற்கவில்லை. எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. நூற்றெட்டுப் புளியமுத்து எடுத்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுவைத்திருந்தேன். ஒரு விதியை ஒரு தடவை சொன்னால் ஒரு முத்து அடுத்த சிரட்டைக்குப் போகும். நூற்றெட்டும் போய்ச் சேர்ந்தால் அந்த விதி முடிந்தது. கோவிலில் அர்ச்சனைக்கு என்ன கணக்கோ, ஒளி முறிவுக்கும் அதே கணக்கு. எல்லாம் ஆங்கிலம். கமா வருகிற இடத்தில்கூட மூச்சு மாறாமல் சொல்வேன். அதன் பொருள் என்ன என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் பௌதிகப் பரீட்சையில் ஒரு கேள்வி, தெளிந்த குளத்தில் அடிப்பகுதி உண்மையில் இருப்பதைவிட மேலே தெரிவது ஏன் என்று. நான் ஒளி முறிவின் விதிகள் இரண்டையும் பிசகில்லாமல் எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கேட்டதற்கு அதில் பதில் இல்லை. மொத்தத்தில் ஐம்பதுக்குப் பதினொன்று வந்தது.

"இவ்வளவு சத்தம் போட்டும் பதினொண்ணா? வருசக் கடைசிப் பரீட்சையிலயும் இப்பிடின்னா ரெண்டாம் வருசம் கிடையாது, கேட்டியா? மம்பட்டி தொழுவில சாத்தி வச்சிருக்கு" என்றார் மாமா. அந்த மண்வெட்டி சாத்திவைத்திருந்த இடம் எனக்குத் தெரியும். வயலை நான் கேவலமாக நினைத்தவன் இல்லை. ஆனால் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு தராசுகள் இருந்தன. பெட்டிக் கதவைத் திறந்தால் காற்றுப் பட்டே முள் அசையும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் முன் நிற்கும்போது, கருவறை முன் நிற்கிற மாதிரி இருக்கும். வயலுக்குப் போனால் இனி அதைப் பார்க்க முடியாது.

என் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவன் கோட்டாற்றுக்காரன். அவன் வாப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை, வீடு கடைக்கு மேலே. அவனுக்கு ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு. அவன் வாய்விட்டுப் படித்து ஒருவரும் பார்த்ததில்லை. மத்தியான இடைவேளையில் கல்லூரி வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்து மண்ணைக் கிண்டிக்கொண்டிருப்பான். ஒரு நாள் நானும் போய் உட்கார்ந்தேன். புத்தகப் பையிலிருந்து இரண்டு சிரட்டைகளையும் முத்துக்களையும் எடுத்துவைத்தேன்.

"இது என்ன மக்கா? பல்லாங்குழி ஆடப் போறியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் மல்லாந்து விழுந்து சிரித்தான்.

"எங்க வாப்பா தஸ்பீஹ் மணி உருட்டுவாரு, அல்லாஹ்வை நெனச்சு. நீ புளியமுத்து உருட்டுகே. யாரை நெனச்சு உருட்டுகே?"

"படிச்சது மறக்காம இருக்கதுக்குலே."

"மறக்கல்லதான். ஆனா பதினொண்ணுல்லா வந்திருக்கு!"

எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. அவன் என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். மண்ணைக் கையால் சமமாக்கினான். வேப்பங்குச்சியால் ஒரு கோடு இழுத்து, அது தண்ணீரின் மேல்மட்டம் என்றான். கீழே ஒரு புள்ளி, அது மீன். புள்ளியிலிருந்து மேலே ஒரு கோடு வந்து, மட்டத்தைத் தொட்டதும் சாய்ந்து ஒரு கண்ணுக்குப் போனது. புத்தகம் மூடியபடி அவன் மடியில் கிடந்தது. வரைந்து முடித்துத் தமிழில் எனக்கு விளக்கினான். இடையில் ஓர் இடத்தில் நின்றான். "இங்க எனக்கு விட்டுப்போச்சு" என்று சொல்லி, அப்போதுதான் புத்தகத்தைத் திறந்தான். விட்டுப்போன ஒரு வரியை மட்டும் பார்த்தான். மூடினான். வரைந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் வரைந்தான்.

பன்னிரண்டு பக்கப் பாடம் அவன் தலைக்குள்ளிருந்து இறங்கி வந்து மண்ணில் நின்றது. ஒரு சத்தம் இல்லை.

"இது யாரு சொல்லித் தந்தா உனக்கு?"

"யாரு தருவா? கீழ கடையில ஆளு வந்துபோகும். நான் வாயத் தொறந்தா வாப்பா ஏசுவாரு. வாயப் பொத்திக்கிட்டுப் படிச்சுப் படிச்சு இப்பிடி ஆயிட்டு."

அவன் வீட்டில் சத்தம் கூடாது, என் வீட்டில் சத்தம் வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் மரத்தடியில் உட்கார்ந்தோம். திங்கட்கிழமைப் பாடத்தை அன்றே கேட்க மாட்டான். வியாழக்கிழமை, நான் மறந்திருக்கிற சமயம் பார்த்துக் கேட்பான். கேள்வி எப்போதும் 'ஏன்' என்றுதான் தொடங்கும். தராசு முன்னால் நின்றால், முள்ளைப் பார்ப்பதற்கு முன் என்ன வரும் என்று சொல்லிவிட வேண்டும், அது அவன் சட்டம். ஒரு நாள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து கறுத்த மணல் கொண்டுவந்தான். ஒரே அளவு குப்பி இரண்டு. ஒன்றில் கறுப்பு மணல், ஒன்றில் ஆற்று மணல். கறுப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று நான் சொன்னேன். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு இருந்தது. கால் வைத்து மிதித்துப் போகிற மணல். அதற்குள் இவ்வளவு கனம் ஒளிந்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று வீட்டுக்கு நடக்கும்போது புத்தேரிக் குளக்கரையில் கண்ணில் பட்ட ஒவ்வொரு கல்லையும் எடுத்துக் கனம் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒளி முறிவு எனக்கு உண்மையில் விளங்கியது கோவில் தெப்பக்குளத்தில். தெளிந்த காலை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நேர் கீழே பார்த்தேன். வெளியே உள்ள படிகள் ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். தண்ணீருக்குள் இருப்பதும் அதே கல், அதே கொத்தனார் வைத்த படி. ஆனால் அவை தாழ்வாக இருந்தன. நாலில் ஒரு பங்கு குறைந்து, யாரோ அடியிலிருந்து தள்ளி மேலே தூக்கிவிட்டதுபோல. நடக்கத் தெரிந்த நாள் முதல் அந்தக் குளத்தில் குளிக்கிறேன். அந்தப் படிகளை எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன். எண்ணினேனே தவிர ஒருநாளும் பார்க்கவில்லை. குளம் முழுவதும், ஊரில் உள்ள எல்லாக் குளமும், நான் நினைத்த இடத்தில் இல்லை. உடம்பு புல்லரித்தது. குளிர்ந்த தண்ணீரால் என்று சொல்ல மாட்டேன்.

பட்டாசலில் சத்தம் நின்றுபோனது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், விரலால் தரையில் கோடு இழுப்பேன். "வீடே செத்த வீடு மாதிரி இருக்கு மக்கா, கொஞ்சம் சத்தமா படியேன்" என்று அம்மா கெஞ்சுவாள். தொழுவில் வைக்கோல் உதறுவது நிற்கும். மாமாவுக்காகச் சில நாள் வாயில் வந்ததைக் கத்திப் பார்த்தேன். கத்தினால் தலைக்குள் ஒன்றும் நிற்கவில்லை. விட்டுவிட்டேன். மாமா மம்பட்டியைத் தீட்டிவைத்தார்.

வருடக் கடைசிப் பரீட்சையில் பௌதிகத்தில் ஐம்பதுக்கு முப்பத்தாறு. ஓடிவந்து மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் இருண்டது.

"சத்தம் போட்டுப் படிச்சப்போ பதினொண்ணு. வாயே தொறக்காம முப்பத்தாறா? உள்ளதைச் சொல்லு. யாரைப் பாத்து எழுதினே?"

தேறிவிட்டால் போதும் என்று இருந்தேன். தேறியதே குற்றமாகும் என்று நினைக்கவில்லை.

"களவு மார்க்கு வாங்கதுக்கு நான் உன்னை அனுப்பல்ல. நாளைக்கு வயலுக்கு வா."

"நான் பாத்து எழுதல்ல மாமா."

"அப்பிடின்னா என்ன படிச்சேன்னு எனக்குச் சொல்லு. எனக்கு வெளங்கும்படியா சொல்லு."

ஆங்கில விதியைச் சொல்லியிருந்தால் மந்திரம் என்று நினைத்திருப்பார். முன்பு எனக்கும் அது மந்திரம்தான். அடுக்களையிலிருந்து ஈயம் பூசிய வெங்கல அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தேன். அதன் அடியில் ஒரு சக்கரம், அப்போதைய திருவிதாங்கூர்ச் செப்புக் காசு, ஒன்றைப் போட்டேன். வெள்ளை அடியில் காசு கறுப்பாகத் தெரிந்தது.

"காசைப் பாத்துக்கிட்டே பின்னால போங்க மாமா. காசு மறைஞ்சதும் நின்னுடுங்க."

பின்வாங்கிப் போய் நின்றார். "மறைஞ்சிட்டு. விளிம்புதான் தெரியுது."

"அசையாம நில்லுங்க. இப்போ காசு உங்களுக்குத் தெரியும்."

"ஏட்டி, இவனுக்குக் கிறுக்கு பிடிச்சிட்டு" என்று அம்மாவிடம் சொன்னார். ஆனால் அசையவில்லை. நான் குடத்தைச் சாய்த்து மெல்ல ஊற்றினேன். மூன்றாம் குடம் பாதியானபோது மாமாவின் கழுத்து நீண்டது.

"வருகு. ஏலே, காசு வருகு!"

ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "தண்ணி தள்ளிவிட்டிருக்கும். காசை ஒட்டு."

அதுதான் சரியான சந்தேகம். என் வகுப்பில் நாற்பத்தொரு பேர், ஒருவரும் அதைக் கேட்டதில்லை. தண்ணீரைக் கொட்டி, துடைத்து, காசை மெழுகு வைத்து ஒட்டினேன். மறுபடியும் ஊற்றினேன். மறுபடியும் காசு எழுந்து வந்தது. இம்முறை அவர் ஓடிவரவில்லை. நின்ற இடத்திலேயே கைகூப்பப் போகிறவர் மாதிரி இரண்டு கையும் பாதி உயர்ந்து நின்றன. பிறகு வந்து தோள்வரை கையை விட்டுத் தடவினார்.

"கெடந்த இடத்திலதான் கெடக்கு."

"ஆமா மாமா."

"அப்போ கண்ணு பொய் சொல்லுகா?"

"கண்ணு பொய் சொல்லல்ல. தண்ணியை விட்டு வெளிய வரும்போது வெளிச்சம் சாயுது. கண்ணுக்கு அது தெரியாது. வெளிச்சம் நேராத்தான் வருதுன்னு நெனச்சு, காசை மேல தூக்கி வச்சுப் பாக்குது."

"எவ்வளவு மேல?"

"நேர் மேல நின்னு பாத்தா, நாலு அடித் தண்ணி மூணு அடியாத் தெரியும்."

மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். வயலுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நானும் பின்னாலேயே போனேன். அவர் வயலுக்குப் போகவில்லை. தெப்பக்குளத்துப் படியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். குனிந்து தன் காலைப் பார்த்தார். அந்தக் காலை நேற்றுத்தான் யாரோ அவருக்குக் கொடுத்தது போலப் பார்த்தார். நிமிர்ந்து குளத்தைப் பார்த்தார், மறுபடியும் குனிந்தார். கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"எல்லாத் தண்ணிக்கும் இந்தக் கணக்குதானா?" என்று திரும்பாமல் கேட்டார்.

"எல்லாத் தண்ணிக்கும் மாமா."

"கடலுக்கும்?"

"கடலுக்குக் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. எவ்வளவுன்னு ரெண்டாம் வருசம் படிக்கணும்."

இரண்டாம் வருடத்தில் அது இல்லை. பயத்தில் வாயில் வந்துவிட்டது. மாமா இன்னொரு தடவை குனிந்து தண்ணீருக்குள் இருந்த படியைக் காலால் தடவினார். பிறகு நிமிராமலே சொன்னார்: "சரி. போய்ப் படி. சத்தம் ஒண்ணும் வேண்டாம்."