மேல்வீட்டுக்குப் போன சிக்கரிக் கீரை

பால்கனித் தொட்டியில் இத்தாலிய சிக்கரிக் கீரை வளர்க்கிறேன். ஷார்ஜா குளிருக்கு அப்படியொரு செழிப்பு. ஆனால் கசப்பென்று எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை.

அதனால் வாரா வாரம் மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவுக்கு ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவேன். அவர் டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தந்ததே இல்லை. பயற்றம் பணியாரம் நிறைத்துத்தான் தருவார்.

இன்று லிஃப்டில் அவர் கணவரைப் பார்த்தேன்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. அந்தக் கீரை சரியான கைப்பு. பிள்ளையள் தொடாதுகள். நீங்கள் ஆசையாத் தந்ததை எறியக் கூடாதெண்டு மனிசிதான் தனிய இருந்து சாப்பிட்டு முடிக்கிறா."

என் கையில் இந்த வாரக் கீரை. துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கேட்டார்: "அப்ப இந்த வாரம் பணியாரம் கிடையாதா?"

அவரைத் திட்ட வாய் வரவில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீரை இன்னும் நிறைய இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா? டப்பாவைக் காலியாகவே தரலாம்.