கடைசி வரிசையில் நின்ற பொட்டி

இரண்டாயிரத்து மூன்று, கத்திரி வெயில். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கும் வேலை எனக்கு. எந்தக் கன்டெய்னர், அதாவது எங்கள் பாஷையில் பொட்டி, எந்த வரிசையில் நிற்கிறது என்பது அங்கிருந்த சர்வருக்குத்தான் தெரியும்.

அது கொஞ்சம் மந்தம். ஒரு பொட்டி இடம் மாறினால், அதை டிஸ்கில் எழுதி முடித்த பிறகுதான் அடுத்ததற்குத் தலையாட்டும். அதற்குள் டிரெய்லர்கள் மெயின் ரோடு வரை நின்று ஹாரன் அடிக்கும். மேனேஜர் என் முகத்தைப் பார்ப்பார். நான் சர்வர் முகத்தைப் பார்ப்பேன்.

ஒரு நாள் காலை எனக்கு ஞானம் பிறந்தது. எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள், அரை மணிக்கு ஒரு தடவை மொத்தமாக எழுதினால் போதும் என்று சர்வரில் மாற்றிவிட்டேன். கரன்ட் போனால்? அதற்குத்தான் யுபிஎஸ் இருக்கிறதே. டிரெய்லர் வரிசை மளமளவென்று கரைந்தது. மேனேஜர் டீ வாங்கித் தந்தார். அதே யுபிஎஸ்ஸில் நாங்கள் சொருகியிருந்த பெரிய ஃபேன் முன்னால் உட்கார்ந்து ராஜா மாதிரி குடித்தேன்.

மத்தியானம் கரன்ட் போனது. யுபிஎஸ் ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு, ஃபேன் இழுத்த இழுப்பு தாங்காமல் சர்வரையும் சேர்த்துக்கொண்டு படுத்துவிட்டது.

கரன்ட் திரும்பி வந்ததும் ஜன்னலில் ஒரு டிரைவர் வந்து நின்றார்.

"சாயங்காலத்துக்குள்ள ஹார்பர் கேட்டைத் தாண்டணும் நைனா. போன தபா கப்பலை வுட்டுட்டேன். இந்த தபாவும் வுட்டா ஓனரு என்னை வண்டிலேர்ந்து எறக்கிடுவாரு."

அவருடைய பொட்டி இரண்டாவது வரிசையில் என்று திரை பளிச்சென்று சொன்னது. போய்ப் பார்த்தால் அங்கே வேறு பொட்டி. கரன்ட் போவதற்கு முந்தைய அரை மணியில் கிரேன் அதை எங்கோ மாற்றியிருக்கிறது. சர்வர் அதை எழுதாமலே செத்திருக்கிறது. டிரைவரிடமும் அதை ஒப்புக்கொண்டேன்.

கிரேன் ஆபரேட்டரைக் கேட்டேன்.

"காத்தாலேர்ந்து பொட்டியத்தான் தூக்கினு கீறேன். ஒவ்வொண்ணுக்கும் பேரு வெச்சா வளக்கறேன்?"

உள்ளங்கையில் நம்பரை எழுதிக்கொண்டு ஓடினேன். பொட்டி மேல் பொட்டி, எல்லாம் ஒரே துரு நிறம். டிரைவர் பின்னாலேயே வந்தார். "கெட்ச்சுதா நைனா? இன்னா, கெட்ச்சுதா?" வேர்வையில் கையில் இருந்த நம்பரும் கரைய ஆரம்பித்தது. அன்றைக்கு எழுதியது எதுவுமே நிற்கவில்லை.

ஒரு கட்டத்தில் அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, கடைசி வரிசைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். ஒரு பொட்டியின் கதவில் சாய்ந்து, எந்த ரயிலில் ஏறி ஊரை விட்டு ஓடலாம் என்று தீவிரமாக யோசித்தேன். முதுகு சுட்டது. திரும்பினேன். கையில் அழியாமல் மிச்சமிருந்த எழுத்துகள் அந்தக் கதவில் பெரிதாக இருந்தன.

நான் போட்ட சத்தத்தில் ஓடி வந்த டிரைவர், தன் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். அப்புறம் பொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒளியறதுக்கு நல்ல எடமா பாத்துகினே நைனா."

வண்டி கிளம்பிப் போனது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்கலாமென்றால் அவரிடம் செல்போன் கிடையாது. சர்வரைப் பழையபடியே மாற்றினேன். ஃபேனைப் பிடுங்கி எறிந்தேன். மறுநாள் வரிசை மறுபடி ரோடு வரை நீண்டது. அதே ஹாரன், அதே மேனேஜர் முகம்.

"இன்னாபா, உள்ள தூங்கிகினு கீறீங்களா?" என்று யாரோ கத்தினார்கள்.

அந்த வரிசையில், அதே வண்டியிலிருந்து ஒரு தெரிந்த தலை எட்டிப் பார்த்தது. கப்பலைப் பிடித்திருக்கிறார்.

"கம்முனு இருடா," என்றார் அவர். "எழுதிகினு கீறாரு."

இன்றைக்கும் எந்த இயந்திரமாவது தட்டின உடனே 'பதிவாகிவிட்டது' என்று சொன்னால் எனக்கு முதுகு லேசாகச் சுடும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிற இயந்திரத்தின் பக்கத்தில்தான் நிம்மதியாக டீ குடிக்க முடிகிறது.