றஞ்சனி அக்கா வாங்கிய சத்தியம்

அனலைதீவில் றஞ்சனி அக்காவின் சைக்கிள் மணி கேட்டால் குடிகாரர்கள் வேலி பாய்வார்கள். மாதர் சங்கத் தலைவி. வாய் என்றால் அப்படியொரு வாய். ஆனால் வெறியில் விழுந்து கிடப்பவரைத் தூக்கி வீட்டில் சேர்ப்பவரும் அவர்தான். அவருடைய ஏச்சைக் கேட்டே வளர்ந்த பக்கத்து வீட்டுக்காரி நான்.

கொரோனா ஊரடங்கில் கள்ளுத் தவறணையைப் பூட்டியது அக்காவுக்குப் பெரிய கொண்டாட்டம். உடனே அரியநாயகத்தை அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனார். இருபது வருடமாக, விடிந்தால் கள்ளில்லாமல் எழும்பாத மனிதர் அவர். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். அந்த வீட்டுப் படலைக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாதென்று, பனையில் கள்ளுச் சீவும் நடராசா அண்ணையிடமும் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

மூன்றாம் நாள் காலை அரியநாயகத்தின் மனைவி புவனேஸ் ஓடிவந்தாள்.

"அக்கா, இவர் நடுங்கிறார். முகட்டில ஆக்கள் இருக்கினமாம், இறங்கச் சொல்லிக் கத்திறார்."

வியர்வையில் தோய்ந்து, இருந்த கதிரையோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார் மனிதர். கொரோனாவோ, முனியோ? படலைக்குள் கால் வைக்க ஒருவரும் துணியவில்லை. அக்காதான் முதலில் உள்ளே போனார்; அவர் பின்னால் நான். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி டொக்டருக்கு ஸ்பீக்கரில் போட்டுப் போன் எடுத்தார்.

"எப்ப கடைசியாக் குடிச்சவர்?"

"மூண்டு நாளாச் சொட்டும் இல்லை, டொக்டர். நாங்கள் நிப்பாட்டிப்போட்டம்." அக்காவின் குரலில் அப்போதும் கொஞ்சம் பெருமை இருந்தது.

"ஐயோ, இவ்வளவு காலம் குடிச்சவரை ஒரேயடியா நிப்பாட்டக் கூடாது. வலிப்பு வந்தால் உயிர் போகும். உடனை படகில கொண்டுவாங்கோ. விழுங்கக்கூடிய நிலையில இருந்தால், வரும்வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் கள்ளுக் குடுங்கோ."

அக்காவின் முகம் வெளிறியது. அவர் பயந்து நான் கண்டது அன்றைக்குத்தான். நடராசா அண்ணை வீட்டுக்கு ஓடினார். "என்ன அக்கா, நீங்களுமோ?" என்று அவர் பகிடி விட்டார். அக்கா செம்பை நீட்டினார்.

கள்ளை வாயருகே கொண்டுபோனதும் அரியநாயகம் பல்லைக் கிட்டிக்கொண்டார்.

"ஏலாது. அம்மாளாச்சிக்கு முன்னால சத்தியம் பண்ணினனான். முறிச்சால் என்ர பிள்ளையளுக்குக் கூடாது."

முகட்டில் ஆட்களைக் காண்கிறவருக்கு இது மட்டும் தெளிவாக நினைவிருந்தது. புவனேஸ் காலில் விழுந்து கெஞ்சினாள். அவர் மசியவில்லை. கையில் இருந்த நடுக்கம் தோளுக்கு ஏறியது.

அக்கா சாமிப்படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார்.

"தாயே, அந்தச் சத்தியத்தைக் கேட்டு வாங்கினது நான். முறிக்கிறதும் நான். பழி என்ர பிள்ளைக்கு வரட்டும்."

சொல்லிவிட்டு நெருப்பை உள்ளங்கையால் அடித்தார். அவருடைய ஒரே மகன் தேனுஜன் அப்போது லண்டனில் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"இப்ப குடியும், தம்பி."

அரியநாயகம் வாயைத் திறந்தார்.

படகில் மிடறு மிடறாகப் பருக்கிக்கொண்டே போனோம். ஊர்காவற்றுறைத் துறையில் அம்புலன்ஸ் நின்றது. ஆளைச் சோதித்துவிட்டு, நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், தப்பிவிடுவார் என்றார்கள். புவனேஸ் ஓவென்று அழுதாள்.

அக்கா அங்கேயே நிலத்தில் குந்தி லண்டனுக்குப் போன் எடுத்தார். இரண்டு தடவை எவரும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை, "என்னம்மா?" என்றான் தேனுஜன். அக்கா போனைக் காதோடு அழுத்தி அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.