கடைசிப் பெஞ்சு வரை

ஆராதனை முடிந்து எல்லோரும் காபிக்காகக் கீழ்க்கூடத்துக்கு இறங்கிய பிறகு, ரோவீனா டிங்லி ஒவ்வொரு பெஞ்சாகக் குனிந்து குனிந்து எதைத் தேடுகிறார்?

போன இலையுதிர் காலத்தில் எங்கள் தூய பர்னபா கோயிலுக்குப் புதிதாக வந்த போதகரம்மா தியோடோரா இதை என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "சூயிங்கம் ஒட்டியிருக்கான்னு பாக்கறாங்களோ என்னவோ" என்று சொல்லி வைத்தேன். அந்த ஜூனில்தான் நான் பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். படித்த காலம் முழுக்க ரோவீனா ஓட்டிய மஞ்சள் பஸ்ஸில்தான் போய் வந்தேன். அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் தொடங்குவார். பெஞ்சின் முதுகில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார், அடுத்த பெஞ்சுக்கு நகருவார். கடைசிப் பெஞ்சையும் பார்த்து முடித்ததும் பின்சுவரில் உள்ளங்கையை ஒருமுறை பதிப்பார். அதன் பிறகுதான் சிவப்புக் கதவைப் பூட்டுவார். மழையோ பனியோ, கீழே அவருக்குப் பிடித்த டோநட் தீர்ந்துகொண்டிருந்தாலும் சரி, இது மாறாது.

ரோவீனாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. குள்ளம். ஆண்கள் போடும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டைதான் வருடத்தில் முக்கால்வாசி நாளும். ஆளைப் பார்க்கும் முன்பே இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து கேட்டுவிடும். கோயிலின் கட்டடப் பொறுப்பு அவருடையது. கூரை, குழாய், கதவு, கொதிகலன், மேப்பிள் மரத்தின் ஒடிந்த கிளை எல்லாம் அவர் கணக்கு. இதற்குச் சம்பளம் கிடையாது. கைப்பையில் வேதப்புத்தகத்தோடு ஒரு எண்ணெய்க் குப்பியும் ஒரு திருப்புளியும் இருக்கும். பாட்டு நடக்கும்போது எங்காவது கீல் கிறீச்சிட்டால் இரண்டாம் சரணத்தில் எழுந்து போய் எண்ணெய் விட்டு, நான்காம் சரணத்துக்குத் திரும்பி வந்து, ஒரு சொல் தவறாமல் சேர்ந்துகொள்வார்.

பிரசங்க நேரத்தில் அவர் காது தரைக்குக் கீழே இருக்கும். "பிரசங்கம் நல்லாத்தான் இருந்துச்சு போதகரம்மா. ஆனா கீழ பெரியவர் இருமறாரு" என்பார். பெரியவர் என்பது கொதிகலன்.

பஸ்ஸில் பேசுகிற பேச்சுதான் கோயிலிலும். கமிட்டிக் கூட்டம் தொடங்குவதற்கு முன், "உக்காருங்க, வண்டி நகருது" என்பார். ஒரு தடவை ஆயர் வந்திருந்தபோது நடுவழியில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். ரோவீனா பின்னாலிருந்து, "ஆயரய்யா, நடுவுல நிக்கக் கூடாது. நீங்க உக்காந்தாத்தான் கிளம்ப முடியும்" என்றார். ஆயர் உட்கார்ந்துவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து நாட்களில் எங்கள் கோயிலில் அல்லேலூயா சொல்வதில்லை. பாட்டிலும் வராது, ஜெபத்திலும் வராது. லெந்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வண்ணம் தீட்டிய அல்லேலூயாத் துணியைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து, தோட்டத்தில் நிஜமாகவே புதைத்துவிடுவோம். ஈஸ்டர் விடியலில் தோண்டி எடுத்துக் கம்பத்தில் கட்டி, அதன் பின்னால் பாடிக்கொண்டே கோயிலுக்குள் போவோம். பிப்ரவரியில், அமெரிக்க வடகோடியிலுள்ள எங்கள் மெயின் மாநிலத்து உறைந்த மண்ணில் ஒரு ஸ்பூன்கூட இறங்காது. அதனால் ரோவீனா நவம்பரிலேயே, மண் உறைவதற்கு முன்பாகவே, குழியைத் தோண்டி, வைக்கோல் திணித்து, மேலே பலகை போட்டு மூடி வைத்துவிடுவார்.

போன வருடத்து ஈஸ்டரில் பெட்டியைத் திறந்தபோது துணி கறுப்பாக வந்தது. பனி உருகிய தண்ணீர் மரப்பெட்டிக்குள் இறங்கி, வண்ணமெல்லாம் கரைந்து, பூஞ்சை பிடித்திருந்தது. துணியின் மூலையில் மஞ்சள் குருவி வரைந்திருந்த டெசி என்ற சின்னப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, "என் குருவி எங்க?" என்று கேட்டாள்.

சேகரக் கமிட்டித் தலைவர் எல்வுட் ஃபேல்ஸ் அதை மறக்கவில்லை. மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளுக்கும் ஒரு இடமும் அதன் மேல் ஒரு பெயர்ச்சீட்டும் வேண்டும் அவருக்கு. ரோவீனாவும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து படித்தவர்கள். அக்டோபர் மாதக் கூட்டத்தில் அவர் பேச்சை எடுத்தார்.

"ரோவீனா, மாடிப்படிக்கு அடியில நல்ல அலமாரி இருக்கு. அங்க மழை பெய்யாது. இனிமே துணி அங்கயே இருக்கட்டும்."

"ஏசுவை அலமாரியிலயா வெச்சாங்க, எல்வுட்?"

"அவருக்குப் பூஞ்சை புடிக்கல."

போதகரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். ரோவீனா எழுந்து நின்றார்.

"இந்த ஒரு வருஷம் குடு. துணி நனைஞ்சு வந்துச்சுன்னா இந்தச் சாவிக்கொத்தை உன் கையில குடுத்துட்டுப் பொறுப்புலருந்து எறங்கிக்கறேன். அப்புறம் நீ அலமாரியில வையி, பரண்ல வையி, உன் மருந்து சீசாவுக்குள்ள வையி."

"பேச்சு மாற மாட்டியே?"

"ஒண்ணாங் கிளாஸ்ல உன் பென்சில எடுத்தது நான்தான்னு டீச்சர்கிட்ட ஒத்துக்கிட்டவ நான். மாறுவேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சாவிக்கொத்து இல்லாத ரோவீனாவை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எல்வுட்டாலும்தான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு ரோவீனாவைப் பிடிக்க முடியவில்லை. பழைய ராணுவச் சாமான் விற்கும் கடையிலிருந்து பச்சை நிற இரும்புப் பெட்டிகள் இரண்டு வாங்கி வந்தார். மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை உண்டு, கொக்கியைப் போட்டால் காற்றுகூட நுழையாது. ஒன்று அல்லேலூயாவுக்கு. இன்னொன்று கிறிஸ்மஸ் குடிலில் வைக்கும் மரத்தில் செதுக்கிய குழந்தை ஏசுவுக்கு, ஏனென்றால் எலிகள் அவருடைய துணியைக் கடித்துவிட்டன. ரோவீனா வீட்டுக் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு பெட்டியை ராத்திரி முழுக்க அமுக்கி வைத்தார். காலையில் எல்வுட்டுக்குப் போன் போட்டு, "உள்ள ஒரு செய்தித்தாள் வெச்சிருந்தேன். இப்ப வாசிக்கறேன், கேளு" என்று வானிலை அறிக்கையை முழுவதும் வாசித்துக் காட்டினார்.

"ரெண்டு பெட்டிக்கும் பேர்ச்சீட்டு ஒட்டிடட்டுமா?" என்று எல்வுட் கேட்டாராம்.

"எதுக்கு? என் பெட்டி எனக்குத் தெரியாதா?"

புதைக்கும் ஞாயிறு வந்தது. டெசி மறுபடியும் மஞ்சள் குருவி வரைந்தாள், இந்தத் தடவை இன்னும் பெரியதாக. பனிப்புயல்களால் எடுத்து வைக்க முடியாமல் தள்ளிப்போன கிறிஸ்மஸ் குடில் சாமான்களை, பீடத்தை அலங்கரிக்கும் பெண்கள் அன்றைக்குத்தான் மூட்டை கட்டி மாடிப்படி அலமாரியில் வைத்தார்கள். கீழ்க்கூடம் முழுக்க வைக்கோலும் காகிதமும் ஓடித் திரியும் பிள்ளைகளும். ரோவீனா மேசையிலிருந்த பெட்டியின் கொக்கியை இழுத்துச் சரிபார்த்து, தூக்கிக்கொண்டு போய் மேப்பிள் மரத்தடிக் குழியில் இறக்கினார். பலகையைப் போட்டு, அதன் மேல் பனியைத் தள்ளி, "உக்காரு. ஈஸ்டருக்கு வந்து ஏத்திக்கறேன்" என்றார்.

மார்ச் குளிரில் ஒரு ஞாயிறு பெரியவர் அணைந்துபோனார். ரோவீனா ஆராதனைக்கு முன் ஸ்பானரோடு போராடி, கடைசியில் நெருப்புப் பிடித்ததும், "அல்லே" வரைக்கும் கத்திவிட்டு எண்ணெய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கன்னத்தில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருக்க, அப்படியே வந்து பாட்டுப் பாடினார்.

அந்த மாதம்தான் எனக்குப் பதில் கிடைத்தது. என் கார் பழுதாகி நின்ற ஒரு காலையில், ரோவீனா பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் என்னை ஏற்றிக்கொண்டார். பஸ் கொட்டகையில் எஞ்சினை அணைத்தார். எழுந்தார். ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பஸ்ஸின் பின்கதவில் உள்ளங்கையைப் பதித்தார்.

"கோயில்லயும் இதைத்தான் பண்றீங்களா மிஸ்?"

"பின்ன? சின்னது ஏதாவது சீட்டுக்கு அடியில தூங்கிப்போயிருந்தா? வெளிய ஒறையற குளிரு. பூட்டிட்டுப் போயிட்டேன்னா என்ன ஆவறது? இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளையக்கூட விட்டுட்டுப் பூட்டினதில்ல."

"கோயில்ல யாரு மிஸ் தூங்கப் போறாங்க?"

"பஸ்ஸவிட அங்கதான் ஜாஸ்தி" என்றார்.

ஈஸ்டர் விடியலில் ஆற்றுப் பனிக்கட்டி உடையும் சத்தம் கோயில் தோட்டம் வரைக்கும் கேட்டது. ஈஸ்டர் வழக்கப்படி வாசலில் புது நெருப்பு மூட்டியிருந்தோம். பூப்போட்ட கவுன்களுக்கு மேல் தடித்த கோட்டுகள், கோட்டுகளுக்குக் கீழே ரப்பர் பூட்ஸுகள். எல்வுட் மட்டும் டை கட்டிப் பளபளக்கும் ஷூ போட்டு வந்திருந்தார். டெசி நின்ற இடத்தில் நிற்கவில்லை. மேப்பிள் மரத்தடியில் பனி இன்னும் முழங்கால் அளவு கிடந்தது. ரோவீனா மண்வெட்டியால் பனியை வாரிப் போட்டார், பலகையைத் தூக்கினார், வைக்கோலை அள்ளினார். எல்லோரும் ஒருவர் தோள் மேல் ஒருவர் எட்டிப் பார்த்தோம். பச்சைப் பெட்டி மேலே வந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"திறந்து காட்டு" என்றார் எல்வுட்.

கொக்கி டப்பென்று திறந்தது. உள்ளே ஒரு கம்பளித் துணிச் சுருள்.

"இது இல்ல" என்றாள் டெசி.

ரோவீனா சுருளைப் பிரித்தார். இரண்டு கைகளையும் விரித்தபடி, மரத்தில் செதுக்கிய குழந்தை ஏசு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார்.

பெட்டிகள் மாறிப்போயிருந்தன. கிறிஸ்மஸ் பிள்ளையை லெந்து முழுக்கப் புதைத்து வைத்திருக்கிறோம். அல்லேலூயா அந்த அலமாரியில் இருந்திருக்கிறது.

"காஞ்சுதான் இருக்கு" என்றார் எல்வுட், மெதுவாக. பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. போதகரம்மாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். ரோவீனா சிரிக்கவில்லை. பனியில் முழங்கால் போட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளைய விட்டுட்டேன்" என்றார். "குளிர்காலம் பூரா."

சிரிப்பு நின்றுபோனது. ரோவீனாவின் கை இடுப்புக்குப் போனது. சாவிக்கொத்தைக் கழற்றி எல்வுட்டிடம் நீட்டினார்.

"மூடி வெச்சப்ப தொறந்து பாக்கல, எல்வுட். கடைசி வரைக்கும் போயிப் பாக்கல நானு."

"துணி நனைஞ்சாத்தானே சாவின்னு பேச்சு" என்றார் எல்வுட்.

"புடி."

எல்வுட் வாங்கிக்கொண்டார். அவர் சாவிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அலமாரிச் சாவி இதுல எது?"

"பச்சை நூல் கட்டினது."

எல்வுட் நடந்தார். பிறகு வேகமாக நடந்தார். பிறகு, டை தோளுக்கு மேல் பறக்க, பளபளக்கும் ஷூ பனியில் வழுக்க, ஓடியே போனார். அவர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது இன்னொரு பச்சைப் பெட்டியை மார்போடு அணைத்திருந்தார். முதலில் கொக்கியைத் திறந்து உள்ளே பார்த்தார், மூடினார். பிறகு நல்ல பேண்ட்டோடு சேற்றில் முழங்கால் போட்டு, பெட்டியைக் குழிக்குள் இறக்கி, பலகையை இழுத்து மூடி, கையாலேயே கொஞ்சம் பனியையும் மேலே தள்ளினார். எழுந்து, மண்வெட்டியை ரோவீனாவின் ஒரு கையிலும் சாவிக்கொத்தை இன்னொரு கையிலும் வைத்தார்.

"தோண்டு."

"எதுக்கு எல்வுட்? அலமாரியிலயே நல்லாக் காஞ்சு இருந்திருக்குமே."

"பேசாமத் தோண்டு ரோவீனா. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க, சூரியன் வருது."

ரோவீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். குழந்தை ஏசுவைக் கம்பளிச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டார். தோண்டினார். துணி விரிந்தது. மஞ்சள் குருவி முழுதாக வெளியே வந்ததும், போதகரம்மா வாயைத் திறப்பதற்குள் டெசி அந்தச் சொல்லைக் கத்திவிட்டாள். அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த நாங்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னால் கத்தினோம். எதிர்வீட்டு நாய்கூடச் சேர்ந்துகொண்டது.

ஆராதனை முடிந்தது. கீழே ஹாம் இறைச்சியும் வேகவைத்த பீன்ஸும் மணத்தன. எல்வுட் சேற்று முழங்காலோடு வரிசையில் நின்று இரண்டு பெட்டிக்கும் பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். மறந்துவிட்ட கோட்டை எடுக்க நான் மேலே ஏறினேன்.

ரோவீனா முன்வரிசையிலிருந்து வந்துகொண்டிருந்தார். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது, அதற்குள்ளிருந்து மரத் தலை எட்டிப் பார்த்தது. இடப்பக்கம் குனிந்தார், வலப்பக்கம் குனிந்தார். பிள்ளையும் கூடவே குனிந்தது. கடைசிப் பெஞ்சு முடிந்ததும் பின்சுவரில் உள்ளங்கையைப் பதித்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு பிள்ளையை வெளியே எடுத்து, அதன் குட்டி மரக்கையையும் சுவரில் ஒருமுறை பதித்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

உங்கள் ஊரிலும் பஸ் ஓட்டுகிறவர், கோயில் பூட்டுகிறவர், பள்ளிக்கூடம் பூட்டுகிறவர் இருப்பார்கள். ரோவீனாவின் கதையை அவர்களுக்கும் சொல்லுங்கள்.