முன்வாசல் மாட்டேன் என்றது, பின்வாசல் சரி என்றது

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் நான் காரைக்குடிக்குப் போனது மாளிகை பார்க்க அல்ல, கரண்டைப் பற்றி ஊர்க் கருத்துக் கேட்க. அப்போது மதுரையில் ஆய்வு மாணவி. வாய் மட்டும் பேராசிரியர் அளவுக்கு இருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

கேள்வி எளிது. கல்லல் பக்கத்துக் கிணற்று மோட்டார்களுக்கு ராத்திரியில்தான் மும்முனைக் கரண்டு. அதைப் பகலில் கொடுத்தால் காரைக்குடியில் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கரண்டு இருக்காது. டவுன்காரர்கள் சம்மதிப்பார்களா? நான் கேட்கும் இருபது வீட்டில் பாதிக்கு மேல் சரி என்றால் ஒரு மாதம் செய்து பார்ப்பதாக மின்சார அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

மதுரையில் காலை ஆறு மணி பஸ். எண்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், பதினான்கு ரூபாய். முன் சீட்டில் உட்காராதீர்கள், வெயில் கண்ணைக் குத்தும். காரைக்குடியில் இட்லி சாப்பிட்டுவிட்டு மூன்று ரூபாய் டிக்கெட்டில் கல்லல் போனேன்.

அங்கே சூசை என்ற விவசாயி. கடலை போட்டிருந்தார். தை மாசம் இருட்டில் மோட்டார் போடப் போய்க் கட்டுவிரியன் கடித்து, பிழைத்ததே பெரும்பாடாம். அதிலிருந்து மனைவி அருள்மேரியும் கூடவே போய் விடிய விடிய வரப்பில் நிற்கிறார். "ஓசிக் கரண்டுன்னு டவுன்ல பேசுறாக. ஓசியா வேணாம்மா, பகல்ல குடுக்கச் சொல்லுங்க," என்றார் சூசை. இதற்கு எவன் மாட்டேன் என்பான் என்று நினைத்தேன்.

காரைக்குடியில் பாதிப்பேர் மாட்டேன் என்றார்கள். வெயில் முன்னைவிடக் கூடிப்போச்சு என்பதில் கல்லலும் காரைக்குடியும் ஒரே கட்சி. யார் வீட்டு ஃபேனை நிறுத்துவது என்றதும் ஆளுக்கொரு கட்சி. முதல் நாள் ஒரு தெருவில் பத்து வீடு பார்த்தேன். அதில் ஓர் ஐயா, ஈசிசேரில் பேப்பரை இறக்காமலே, முடியாது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். மறுநாள் அடுத்த தெருவில் பத்து வீடு. கடைசி வீட்டு ஆச்சி முறுக்குத் தட்டை நீட்டியபடி, தாராளமாக நிறுத்தச் சொல், அரைக்கிறதை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்கிறேன் என்றார்.

எண்ணிப் பார்த்தேன். பத்துக்குப் பத்து. என் முகம் போன போக்கைப் பார்த்து, வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் வா என்று ஆச்சி கூட்டிப்போனார். அடுப்படி, ஒரு முற்றம், இன்னொரு முற்றம், தூண்கள் என்று போய்க்கொண்டே இருந்தோம். கடைசியில் முகப்பு. அங்கே ஈசிசேரில் நேற்றைய அதே ஐயா!

இங்கே ஒரு வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். உள்ளூரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். படித்த மேதாவி நான் ஒரு வீட்டை இரண்டாக எண்ணியிருக்கிறேன். அப்படியானால் ஒன்பதுக்கு ஒன்பது, மிச்சம் இந்த ஒரே வீடு.

மறைக்காமல் இருவரிடமும் சொன்னேன். சூசையின் கதையையும் சொன்னேன்.

"காத்தாடி இல்லாம ரெண்டு மணி நேரம் எப்புடி இருக்கிறது?" என்றார் ஐயா.

"முகப்புல காத்து வரும், உக்காந்து பேப்பர் படிங்க. அங்குட்டு ஒரு பொம்பளை இருட்டுல பாம்புக்கு நடுவுல நிக்கிறா," என்றார் ஆச்சி. குரலை உயர்த்தவில்லை. ஐயா ஈசிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு நேற்று முடியாது என்று நான் எழுதிக்கொண்ட தாளைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே கிழித்தார். பத்தொன்பது வீட்டில் பத்து சரி.

ஊருக்கு ஊர் கருத்து மாறும் என்று நினைத்துப் போனேன். ஒரே வீட்டுக்குள்ளேயே அல்லவா மாறுகிறது? ஆகவே யோசனை: கருத்துக் கேட்கப் போகிறவர்கள் பின்வாசலையும் தட்டுங்கள், ஆனால் வீட்டை ஒருமுறைதான் எண்ணுங்கள். சும்மா பார்க்கப் போகிறவர்கள் பங்குனியைத் தவிர்த்துத் தையில் போங்கள். மாளிகையோடு திரும்பிவிடாமல் கல்லலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

நான் சித்திரையில் மறுபடி போனேன். பதினொரு மணி வெயிலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சூசை தனியாக, வெறுங்காலோடு வாய்க்காலில் நின்று தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தார். செருப்புப் போடக்கூடாதா என்று கடிந்துகொண்டேன்.

"எங்க கால வைக்கிறேன்னு தெரியுதும்மா," என்றார்.