ரெண்டு புள்ளிக்குப் பின்னால் ஓர் இடைவெளி

இன்று காலை அப்பா, ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக யாரையும் பிடிக்காமல் வாசல்வரை நடந்தார்.

மஸ்கட்டில் இருக்கும் அக்காவால் வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது. இந்த வலைப்பதிவை மட்டும் இடையில் திறந்து பார்த்துவிடுவாள். உடனே செவிலிமேட்டிலிருந்து பஸ் ஏறி, பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி ஏற்றினால் தானாகப் பக்கமாகிவிடும், அவ்வளவு சுலபம் என்றுதான் வலைப்பதிவை இந்த முறைக்கு மாற்றினேன். இன்று ஏற்றினால் பக்கமே வரவில்லை. முக்கால் மணி நேரம் போராடியதில் அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து சீட்டில் பட்டுப்புடவை பார்டருக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பினார். “இன்னாமா ஆச்சு?”

சொன்னேன்.

“எனக்கு பிளாகெல்லாம் தெரியாது. சரியா வந்த பழைய ஃபைலை இது பக்கத்துல வெச்சுக் காட்டு.”

இரண்டையும் வரிவரியாகப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“அதுல மேல மொத வரில டைட்டில்னு போட்டு, ரெண்டு புள்ளி வெச்சு, ஒரு இடம் விட்டுக்கிறே. இதுல ஒட்டிக்கினு இருக்குது பாரு.”

இடம் விட்டு மறுபடி ஏற்றினேன். பக்கம் வந்துவிட்டது!

கொஞ்ச நேரத்தில் அக்காவின் பின்னூட்டம்: “ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு அழுதுக்கினு இருக்கேன்டி. நாளைக்கு எவ்ளோ தூரம் நடந்தாருன்னு எழுது.”

அதை அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அவர் கண்ணும் கலங்கியது. நன்றி எழுதப் பெயர் கேட்டேன்.

“பேரெல்லாம் போடாதமா. ஊரே ஃபைலைத் தூக்கிக்கினு வந்துடும்.”

அதனால் பெயர் போடவில்லை. யாருக்காவது பக்கம் வராமல் அடம்பிடித்தால் கேளுங்கள், எந்த சென்டர் என்று மட்டும் காதோடு சொல்கிறேன்.